மடியில் ஒரு தகரக் குவளை

ராயபுரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கள்ளும் சுட்ட கறியும் விற்கிற கடையில், சாயங்கால வெயில் பெஞ்சு வரைக்கும் நீண்டு கிடக்கிறது. கம்பியில் கோத்த ஈரல் தணல்மேல் சீறுகிறது. கொழுப்பு சொட்டும்போதெல்லாம் புகை குப்பென்று எழும்புகிறது. ஹார்பரில் கரி சுமக்கும் கோதண்டத்தின் பக்கத்தில் அவன் பெண்டாட்டி கெங்கம்மா பெஞ்சு நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மடியில் வீட்டிலிருந்து மறைத்துக் கொண்டுவந்த தகரக் குவளை. சேரிக்காரர்கள் என்று மற்றக் கடைகளில் இவர்களுக்குக் கிளாஸ் கொடுப்பதில்லை. கொண்டுபோகிற பாத்திரத்தில் எட்ட நின்று ஊற்றுவார்கள். இங்கேயோ கடைக்காரர் வெள்ளத்துரை எல்லோருக்கும் வைக்கிற அதே கண்ணாடிக் கிளாஸை நுரை தளும்ப அவள் முன்னாலும் வைக்கிறார். “எடுத்துக் குடி மே, உனுக்குத்தான்” என்று கோதண்டம் முழங்கையால் இடிக்கிறான். இரண்டு கையாலும் அவள் அதை எடுக்கும்போது குவளை மடியிலிருந்து விழுந்து, கடகடவென்று உருண்டு, வெள்ளத்துரையின் காலடியில் போய் நிற்கிறது. “இது எதுக்கும்மா?” கெங்கம்மாவுக்கு முகம் வேர்க்கிறது. “வூட்ல பொண்ணுக்கு கறி எடுத்துக்கினு போவ, நைனா.” அவர் குவளையைக் குனிந்து எடுத்து, கம்பியிலிருந்து ஈரலை உருவி அது நிறையப் போட்டு, அவளுடைய கிளாஸை ஒட்டினாற்போல வைத்துவிட்டுப் போகிறார். கோதண்டம் அவள் காதருகே குனிகிறான். “நம்ளுக்கு ஏது மே பொண்ணு?” மேலுதட்டு நுரையைத் துடைக்காமலே குவளையை அவன் பக்கம் தள்ளுகிறாள் கெங்கம்மா. “பொறக்கும். நீ துன்னு.”