கைமாறிய வளையம்

சர்க்கரை நோய் விழிப்புணர்வு வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாக, குடும்பத் தலைவர் கையில் சர்க்கரை வளையம் மாட்டியிருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வளையம் சிவக்கும்; அவர்கள் செல்போனுக்கும் தகவல் போகும். உடனே தெருமுனையிலிருந்து பறையோடு வந்து, ஊரறிய வாசலில் பாடுவார்கள். கழற்றி வைத்தாலும் வருவார்கள்.

அதனால் ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்த மாசிலாமணி, வளையத்தை மனைவி செண்பகத்துக்கு மாட்டினார். "ரெண்டு நிமிஷம் போட்டுக்க. நீதான் இனிப்பே தொடமாட்டியே."

ஜிலேபி வாய்க்குப் போவதற்குள் வாசலில் பறை அதிர்ந்தது.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, அங்கிள்?" என்று சிரித்தாள் மாணவி தமயந்தி.

"இன்னும் வாயிலயே வைக்கலம்மா!" ஜிலேபியும் கையுமாக நின்றார் அவர்.

செண்பகத்தின் கையில் வளையம் செக்கச்செவேலென்று இருந்தது. பறை நின்றது.

"ஆன்ட்டி, நீங்க கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கெதுக்கும்மா டெஸ்ட்டெல்லாம்?" என்றாள் செண்பகம். "சர்க்கரை அவருக்குத்தானே!"