ஞாயிற்றுக்கிழமையிலிருந்து

“சின்னவ எங்க? இன்னிக்குக் கிளாசுக்கு வரலையா?” பிரெஞ்சு டீச்சர் பையைக் கீழே வைத்தாள்.

“என் மச்சினியா? ஊருக்குப் போயிட்டா டீச்சர்,” என்றான் கணவன், சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி. “அக்காவை மட்டும் தேத்தி விடுங்க. நேர்காணல் முடிஞ்சா நாங்க வெளிநாடு கிளம்பணும். எனக்கு அந்த பாஷை ஒரு எழுத்துகூட ஏறாது.”

பூட்டிய உள்ளறையில் ஏதோ சுரண்டியது.

“எலி,” என்றான்.

டீச்சர் சிரித்தாள். “இன்னிக்குக் காலத்தைச் சொல்ற சொற்கள். என் கிளாஸ் சட்டம் தெரியும்ல? உண்மையான வாக்கியம் மட்டும்தான். பொய் மனசுல நிக்காது.”

மனைவி பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள்: “ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் தங்கை அந்த அறையில் இருக்கிறாள்.”

ஊமையாகிப்போன வீட்டில் முதல் தடவையாக உண்மை ஒலித்திருக்கிறது. அதைக் காதால் கேட்டபடியே அவன் கொட்டாவி விட்டான்.

“‘இருந்து’க்கு ‘தெப்புய்’ போட்டிருக்கே. இன்னும் தொடர்ந்தாத்தான் அது. முடிஞ்சுபோச்சுன்னா ‘பாந்தாங்’. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“‘தெப்புய்’தான் டீச்சர்.”

“சரி. அடுத்தது?”

“ஒரு மணி நேரத்துக்கு முன் கதவைத் தட்டினாள்,” என்றாள் பிரெஞ்சிலேயே. “இப்போது சுரண்ட மட்டும்தான் முடிகிறது.”

“உச்சரிப்பு சரியில்ல. இரு, அகராதி பார்க்கறேன்.” டீச்சர் செல்போனில் மும்முரமாகத் தட்டினாள்.

மனைவிக்குள் ஏதோ உதிர்ந்தது. இவளுக்கு என் தங்கை ஒரு வாக்கியம், அவ்வளவுதான். திருத்தி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் யாரிடம், எந்த மொழியில்?

சுரண்டல் நின்றது.

“எலி தூங்கிடுச்சு போல,” என்றான் கணவன்.

டீச்சர் நிமிரவில்லை. “இனிமே நடக்கப்போறதுக்கு ‘தாங்’. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு.” அதே பாடக்குரலில், பிரெஞ்சில் தொடர்ந்தாள்: “நான் அழைத்தவர்கள் இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்து அந்தக் கதவை உடைப்பார்கள்.”

மனைவி திருப்பிச் சொன்னாள். பாதியில் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். “இது... உண்மையான வாக்கியமா டீச்சர்?”

டீச்சர் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“என் கிளாசுல வேற வாக்கியம் உண்டா?”