கடித்துச் சொல்பவர்

மிளகாயைக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

விதை நொறுங்கும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். காரம் வரவில்லை.

மென்றார். இந்தப் பக்கம் ஒதுக்கினார். அந்தப் பக்கம் ஒதுக்கினார். வாய்க்குள் காகிதம் கிடப்பது போலிருந்தது.

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பரமக்குடிப் பக்கத்து அந்த மிளகாய்ச் சந்தையில் அவர் கடிக்கும்போது யாரும் பேசுவதில்லை. அவருடைய அப்பா கடித்தபோதும் பேசியதில்லை.

மூன்று தலைமுறையாக அந்த வீட்டு நாக்கு சொன்ன காரத்தை யாரும் மறுத்தது கிடையாது.

எதிரே கம்பெனிப் பெண் நின்றாள். மூட்டுவலிக்கும் நரம்புவலிக்கும் ஒட்டுகிற பட்டை செய்யும் கம்பெனி. மிளகாயின் காரச்சத்தைப் பிரித்தெடுத்துத்தான் அந்த மருந்து. காரம் முதலில் நரம்பை எரிக்கும், எரித்து எரித்து ஓயவைக்கும், பிறகு வலி தெரியாது என்று காலையில் விளக்கியிருந்தாள். காரம் குறைந்த சரக்கு அவளுக்கு உதவாது. சோதனைச்சாலையின் முடிவு வர நான்கு நாளாகும். லாரி இன்றைக்கே கிளம்ப வேண்டும்.

அதனால் அவரைக் கூப்பிட்டார்கள்.

போக வேண்டாம் என்றான் மகன்.

"கூப்பிட்டுப் போகாதவன் நம்ம வீட்டுல கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

போன ஐப்பசியில் நாக்கின் அடியில் கட்டி கண்டது. மதுரையில் நாக்கிலும் ஒரு பகுதியைச் சேர்த்து அறுத்தார்கள். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். ஊருக்குக் காசி யாத்திரை என்று சொல்லியாயிற்று. கேட்டவர்களுக்குக் கொடுக்க, கங்கைச் செம்புகள்கூட மதுரைக் கடையில் வாங்கி வந்தார்கள்.

நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. சோறும் மணலும் ஒன்றாயின. சொற்கள் குழறின. பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெரிய மனிதர் குறைவாகப் பேசினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

இப்போது ஒரு சொல் சொல்ல வேண்டும்.

உச்சியில் வியர்க்குமா என்று காத்திருந்தார். காதுமடல் சுடுமா என்று காத்திருந்தார். களைப்புதான் வந்தது.

நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் நிறம் பொய் சொல்லும். அதைச் சந்தைக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர் அப்பாதான்.

மிளகாய்க்குச் சொந்தக்காரன் தவமணி. அவருடைய மௌனம் நீள நீள, அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தான்.

"போதும்யா. நானே சொல்லிர்றேன். போன வருசத்துச் சரக்கு. நாலுக்கு ஒரு மூடை கலந்துட்டேன்."

கூட்டம் சிரித்தது.

"யார்கிட்டடா வந்து வித்தை காட்டுற? அது அந்த வீட்டு நாக்குடா" என்றார் தராசுக்காரர்.

கம்பெனிப் பெண் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவர் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காக வெட்கமாக இருந்தது.

அடுத்த மூடையைப் பிரித்தார்கள்.

ஜெபமாலையின் மிளகாய். கண்மாய் வற்றிய பிறகு அவனும் அவன் மனைவியும் குடத்தில் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய பயிர். சந்தைக்கே தெரியும். அவன் முகத்தில் பயமில்லை. நம்பி நின்றான்.

ஒரு மிளகாயை எடுத்து அவரிடம் நீட்டினார்கள். வாங்கினார். காம்பைக் கிள்ளினார்.

இன்னொரு முறை முடியாது என்று தோன்றியது.

மிளகாயை மூடைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"கடிக்காமலே தள்ளிட்டாருப்பா" என்றது ஒரு குரல்.

கம்பெனிப் பெண் தன் நோட்டில் ஒரு கோடு இழுத்தாள்.

ஜெபமாலை வாதாடவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டுச் சொல் அல்லவா. மூடையின் வாயைச் சேர்த்துக் கட்டக் குனிந்தான். சாக்கு ஊசியில் சணலைக் கோத்தான்.

"கட்டாதே" என்றார் அவர்.

சொல் குழறியது. யாருக்கும் விளங்கவில்லை.

மறுபடியும் சொன்னார்.

"என்னங்கய்யா?" என்று காதை அருகில் கொண்டுவந்தான் ஜெபமாலை. சந்தையும் அவர் வாயைப் பார்த்தது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்துண்டின் மடிப்பைச் சரிசெய்தார். கம்பெனிப் பெண்ணை அருகில் வரும்படி கையசைத்தார்.

பிறகு, எல்லோருக்கும் தெரியும்படி, வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.