அலமாரியில் சாய்ந்த பேஸ் கிட்டார்

லோவு என்ற தீவுக் கிராமத்தில் ஊரடங்கு மாலை. ஆட்சியைப் பிடித்த சிப்பாய்கள் சாலையில் நிற்பதால் ஷாலேஷ் ஒலிபெருக்கியை இயக்குவதில்லை. நாட்டைவிட்டுப் போனவரிடம் மலிவாக வாங்கிய பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பிகள் மாட்டி, அதன் மர முனையை அலமாரிமேல் அழுத்தி மீட்டுகிறான்; துணிகள் நிறைந்த அலமாரி அதிர்ந்து மெல்ல முனகுகிறது. மனைவி மோகினி அதிலிருந்து சேலைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறாள். ஆக்லாந்து செல்ல அவளுக்கு மட்டுமே விசா வந்திருக்கிறது. கதைகளில் கூண்டு திறந்தால் இரண்டு கிளிகளும் பறக்கும். "உங்க குழுவுல பாடுறவன் சிட்னி போயிட்டான், டிரம் அடிக்கிறவனும் போயிட்டான். புதுக் கம்பி யாருக்குங்க?" "எனக்குத்தான். நீ போனப்புறம் இதுகூடத்தானே பேசணும்?" அவள் கடைசிச் சேலையையும் எடுக்கிறாள். அவன் மறுபடி கம்பியைத் தொடுகிறான். வெற்று அலமாரி அறையே அதிர முழங்குகிறது. "மெதுவா! சிப்பாய்க்குக் கேக்கும்." "மெதுவாத்தான் தொட்டேன், மோகினி."