பேபி அம்புஜாவின் முழுத் தொகுப்பு

உலகத் தமிழர் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு: பேபி அம்புஜாவின் அறுபதாண்டுப் பாடல்கள் ஒரே தொகுப்பாக இன்று வெளியாகின்றன.

பேபிக்கு வயது அறுபத்தாறு. மேடையில் இரண்டு வரி பாடி, அது தன் குரல்தான் என்று கருவியிடம் நிரூபித்தால் தொகுப்பின் பூட்டு திறக்கும். மூன்று முறை தவறினால் அத்தனை பாட்டும் போலி என்று அழிந்துவிடும். கருவி அறிந்ததோ அவருடைய ஆறு வயதுக் குரலை மட்டும்.

முதல் முறை பாடினார், சிவப்பு விளக்கு. இரண்டாம் முறையும் சிவப்பு.

“கொஞ்சம் மழலையா பாடுங்கம்மா,” என்றார் தொகுப்பை வெளியிடும் கம்பெனியின் மேலாளர்.

“பல்லே கட்டின பல்லு. மழலைக்கு எங்கய்யா போறது?” என்றார் அம்புஜா.

“நீங்க தள்ளிக்குங்க மேடம்.” நிகழ்ச்சித் தொகுப்பாளர் சிங்காரவேலு மைக்கை வாங்கினார். பெரிய மீசைக்காரர், பழைய மிமிக்ரி கலைஞர். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே இரண்டு வரியை மழலையில் பாடினார்.

பச்சை விளக்கு.

“குரலின் உரிமையாளர் இவரே,” என்றது கருவி. அரங்கமே எழுந்து கைதட்டியது. நிம்மதியில் அம்புஜாவும் தட்டினார்.

இப்போது அவர் குளியலறையில் தன் பாட்டை முணுமுணுப்பதற்கும் சிங்காரவேலுவின் அனுமதி வேண்டும். சிங்காரவேலு இன்னும் தரவில்லை.