ப்ரீதாவுக்கு மட்டும் இல்லாத மாத்திரை

இன்றைக்கும் லிபியா தரவில்லை. ப்ரீதாவின் முறை வரும்போது மட்டும் ஸ்டாக் தீர்ந்துபோய்விடுமாம்!

ஓசூரில் ப்ரீதா இருக்கும் தெருவின் கிறிஸ்தவக் குடும்பத்தார் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஜெபம் முடிந்து டீ வந்ததுமே லிபியாவின் பை திறந்துவிடும். இளமை மாத்திரை வியாபாரம்.

உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் இருக்கிறதாம். சேலை ஓரம் பிரியாமலிருக்க முடிச்சுப் போடுகிறோமே, அதுபோல அதன் நுனியிலும் ஒரு காப்பு. செல் இரண்டிரண்டாகப் பிரியப் பிரிய அந்த நுனி தேயும், தேய்ந்தால் முதுமை. மாத்திரை அதை வளர்த்துவிடுமாம். ப்ரீதாவின் மாமியார் லூர்தம்மாள் உட்பட தெருவே வாங்கி விழுங்கியது.

ப்ரீதாவுக்கு மார்பில் கட்டி எடுத்து, கீமோ முடிந்து, இப்போதுதான் தலையில் முடி எட்டிப் பார்க்கிறது. நாற்பது வயசு, பார்த்தால் அறுபது சொல்வார்கள். 'சாகப்போறவளுக்கு எதுக்கு இளமைன்னு நினைக்கிறாளோ? இல்ல, நான் செத்துத் தொலைச்சா மாத்திரைக்குக் கெட்ட பேருன்னு பயப்படறாளோ?' ப்ரீதா மனசுக்குள் பொருமினாள்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் வைத்து மடக்கினாள். லிபியாவின் பைக்குள் பாட்டில்கள் நன்றாகவே தெரிந்தன.

"பை நிறைய வெச்சிக்கினு இல்லைங்கறியே. நான் பொழைக்க மாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?"

லிபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனாள்.

"நீ பொழைக்கணும்னுதான்க்கா தரல. பெங்களூரு கம்பெனி மீட்டிங்குல எங்க லீடரே தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. கேன்சர் செல்லு அந்த நுனியைத் தேயவிடாம பாத்துக்குமாம். அதனாலதான் சாகாம பெருகிக்கினே போகுதாம். உன் உடம்புல ஒண்ணே ஒண்ணு ஒளிஞ்சிருந்தாக்கூட, இந்த மாத்திரை அதுக்குத்தான் தீனி."

சே, இந்தப் பெண்ணையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம்? ப்ரீதா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டவளுக்குச் சட்டென்று என்னவோ உறைத்தது.

"அப்போ எங்க அத்தை? இந்தத் தெருவு? அவங்களுக்கெல்லாம் குடுக்கறியே?"

லிபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அவங்களுக்குக் கேன்சர் இருக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாதேக்கா."