ஜட்ஜம்மாவுக்கு ஒரு சேவல்

"மூணு தரம்!" என்று ஏலம் விட்ட இளைஞன் ஸ்டெபின் மைக்கில் கத்தியதும் சேவல் ஜெபசீலனுடையதாயிற்று.

மேற்கு தாம்பரத்து அந்தச் சபையில் அன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பூசணியும் கேக்கும் தேங்காயும் பந்தலில் ஒவ்வொன்றாக ஏலம் போய்க்கொண்டிருந்தன. சேவலுக்கு மட்டும் ஜெபசீலன் விடாமல் கேட்டு, போட்டிக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துவிட்டார்.

ஏலம் எடுத்ததை யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் ஆயர் வீட்டுக்குத்தான் போகும்.

ஜெபசீலன் எழுந்து பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையைக் கையால் காட்டினார்.

"தம்பி, இது நம்ம ஜட்ஜம்மாவுக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜான்சிக்குப் பகீரென்றது. தாம்பரம் கோர்ட்டுக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்ததிலிருந்து அவள் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். ஆயர் கடைசி ஆசீர்வாதம் சொன்ன கையோடு கிளம்பிவிடுவாள். இன்றைக்கென்று பார்த்து ஆயரம்மா கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் தீர்ப்புச் சொல்லவேண்டிய வழக்கில் ஜெபசீலன் பிரதிவாதி. செம்பாக்கத்தில் அவர் கட்டிய காம்பவுண்டுச் சுவர் தன் வீட்டுப் பாதையை அடைத்துவிட்டது, அதை இடிக்கவேண்டும் என்று வழக்குப் போட்டவர் ரத்தினபாய்.

அவரும் இதே சபைதான். மூவருக்கும் ஒரே சபை என்பதை ஜான்சி முதல் நாளே கோர்ட்டில் எல்லோர் முன்பும் சொன்னாள். ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள்.

கைதட்டல் கேட்டு ரத்தினபாய் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷமே வழக்கில் தோற்றுப்போன மாதிரி இருந்தது அவர் முகம்.

ஒரு கையில் மைக்கும் மறு கையில் காலைக் கட்டிய சேவலுமாக ஸ்டெபின் வந்துகொண்டிருந்தான்.

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இங்கே கள்ளையே கையில் கொடுக்கிறார்கள், அதுவும் மைக் வைத்து. வாங்காவிட்டால் சபையை அவமதித்தாள், பதவித் திமிர் என்று பேசுவார்கள். மனுஷன் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டிருக்கிறார்! அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

"வாங்கிக்கோம்மா, எல்லாருக்கும் செய்யிறதுதானே," என்று ஆயரம்மா முழங்கையால் இடித்தார்.

ஜான்சி எழுந்தாள். நீட்டிய சேவலை விட்டுவிட்டு மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"ஜெபசீலன் சார், உங்க கேஸ் என்கிட்ட இருக்கு. நாளைக்கு ஜட்ஜ்மென்ட். உங்க கையால நான் பச்சைத் தண்ணிகூட வாங்கமாட்டேன். ஸ்டெபின், சேவலைத் திரும்ப ஏலம் விடுங்க."

பந்தலில் எல்லாத் தலைகளும் ஜெபசீலன் பக்கம் திரும்பின.

ஜெபசீலனின் முகம் சுண்டிவிட்டது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார். வக்கீலைத்தான் கூப்பிட்டிருப்பார். ஆயரம்மா நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

போட்டுக்கொள்ளட்டும்.

ரத்தினபாய்தான் ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "கர்த்தர்தாம்மா உங்களை இங்க அனுப்பினாரு. இனிமே எனக்கு பயமில்ல," என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஜான்சி அந்தக் கைகளையும் தொடவில்லை. கேஸைப் பற்றித் தன்னிடம் பேசக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். காருக்குப் போகும் வரை முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் ஸ்தோத்திரம் சொல்வது கேட்டது.

தீர்ப்பு வெள்ளிக்கிழமையே டைப் ஆகிவிட்டது.

அங்கே பாதை இருந்ததற்கு ரத்தினபாயிடம் ஓர் ஆதாரமும் இல்லை. சுவர் ஜெபசீலனின் சொந்த மண்ணில்தான் நிற்கிறது. வழக்கு தள்ளுபடி. அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே போதும்.

அவர் மேலிருந்த கோபத்துக்கு, அதில் ஒரு வரியையாவது மாற்றலாமா என்று கை துறுதுறுத்தது.

மாற்றமாட்டாள். நாளைக்கு ரத்தினபாயின் முகத்தைப் பார்த்தே அதை வாசிப்பாள்.